ஃப்ரீட்ரிக்கின் மூடுபனிப் படத்தைப் பார்த்து வரைந்தே ஓவியம் கற்றுக்கொள்ள முடியுமா?

கேட்டவர் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு பிரஷ்ஷைத் தொட்டதில்லை. இப்போது ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக்கின் 'மூடுபனிக் கடலுக்கு மேலே வழிப்போக்கன்' படத்தை அப்படியே வரைந்து பழக ஆரம்பித்திருக்கிறார். பாறை மேல் முதுகைக் காட்டி நிற்கும் ஒரு மனிதர், அவருக்கு முன்னால் மூடுபனியில் மூழ்கிய பாறைகளும் மலைகளும், இதுதான் படம். அக்ரிலிக் வண்ணத்தில் இரண்டு முறை வரைந்தும் பனி மட்டும் பஞ்சுப்பொதி மாதிரி வருகிறதாம். காப்பியடித்துக் கற்பது சரியான வழிதானா, ஆயில் வண்ணத்துக்கு மாறினால் பனி சரியாகுமா என்று கேட்கிறார்.

காப்பியடிக்கும் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்தக் காலத்து ஓவியர்களில் பலர் இப்படித்தான் கற்றார்கள். 1790களில் லண்டனில் தாமஸ் மன்றோ என்று ஒரு மனநோய் மருத்துவர் இருந்தார். ஜான் ராபர்ட் கோசென்ஸ் என்ற நீர்வண்ண ஓவியர் சித்தம் கலங்கி அவருடைய பராமரிப்பில்தான் இருந்தார். மன்றோ மாலை நேரங்களில் இளைஞர்களைத் தன் வீட்டுக்கு வரவழைத்து, கோசென்ஸ் வரைந்தவற்றையும் பிறர் வரைந்தவற்றையும் பிரதி எடுக்கச் சொல்வார். அப்படிப் போனவர்களில் இருவர், பிற்பாடு இங்கிலாந்தின் நிலக்காட்சி ஓவியர்களாகப் பெயரெடுத்த டர்னரும் தாமஸ் கர்ட்டினும்; இருவருமே 1775இல் பிறந்தவர்கள். மாலை ஆறு மணிக்குப் போனால் பத்து மணிவரை வேலை. டர்னருக்கு ஓர் இரவுக்கு மூன்றரை ஷில்லிங் கூலி. ஜோசப் ஃபாரிங்டன் என்ற ஓவியர் 1798இல் தன் நாட்குறிப்பில் இதையெல்லாம் குறித்துவைத்திருக்கிறார். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு வரி: கர்ட்டின் கோட்டுருவம் போடுவார், டர்னர் அதன்மேல் வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) கொடுத்து ஒளியையும் நிழலையும் கொண்டுவருவார். மூன்று வருஷம் இப்படியே நடந்திருக்கிறது. பிற்பாடு வெளிச்சத்தையே படமாக வரைந்த டர்னர், அந்த இரவுகளில் கோட்டைப் பற்றிக் கவலையே படாமல் டோனை, அதாவது வெளிச்சம் இருட்டின் படிகளை, மட்டும் பழகியிருக்கிறார்.

இன்னொரு ஆங்கிலேய நிலக்காட்சி ஓவியரான கான்ஸ்டபிளோ 1823இல், நாற்பத்தேழு வயதில், ஓவியங்கள் சேகரித்த ஜார்ஜ் போமான்ட்டின் கோல்ஆர்ட்டன் மாளிகையில் தங்கி, பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் கிளாட் லொரெய்னின் நிலக்காட்சிகளைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய 'வைக்கோல் வண்டி' அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1821இல், வரைந்து முடிந்துவிட்டது. ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை. ஃப்ரீட்ரிக் இறந்தது 1840இல், காப்புரிமைச் சிக்கலும் கிடையாது. படத்தின் பின்பக்கம் 'ஃப்ரீட்ரிக்கைப் பார்த்து வரைந்தது' என்று எழுதி உங்கள் பெயரைப் போட்டுவிடுங்கள், போதும்.

ஆனால் பார்த்து வரைவதில் இரண்டு விதம் உண்டு. முடிந்த படத்தின் தோற்றத்தை மேல் மூலையிலிருந்து கீழ்வரை நகலெடுப்பது ஒன்று. அந்தப் படம் எந்த வரிசையில் உருவானதோ அதே வரிசையில் வேலைகளைப் பிரித்துச் செய்வது மற்றொன்று. முதல் வழியில் பத்துப் படம் வரைந்தாலும் கைக்குப் பெரிதாக எதுவும் வராது. உங்கள் பனி பஞ்சாவதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஃப்ரீட்ரிக் எப்படி வேலை செய்தார் என்று தெரிந்துகொண்டால் இது புரியும்.

படம் ஜெர்மனியில் ஹாம்பர்க் குன்ஸ்ட்ஹாலே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 94.8 சென்டிமீட்டர், அகலம் 74.8. 1817 அல்லது 1818 வாக்கில் வரைந்தது. பார்த்தால் ஒரு விடியற்காலையில் மலையுச்சியில் ஈசலை (கேன்வாஸ் தாங்கியை) நிறுத்தி வரைந்த மாதிரி இருக்கும். ஆனால் அப்படியொரு காட்சி உலகத்தில் எங்கும் இல்லை. டிரெஸ்டனுக்குத் தென்கிழக்கே எல்பே ஆற்றின் மணற்கல் மலைகளில் பல இடங்களில் எடுத்த பென்சில் குறிப்புகளை ஸ்டூடியோவில் ஒன்றுசேர்த்துக் கட்டிய படம் அது. அந்த மனிதர் நிற்கும் பாறை கைஸர்குரோனே என்ற குன்றின் மேல் இருக்கிறது. நடுவில் பனிக்கு மேலே தலைநீட்டும் பாறைக் கூட்டம் ராத்தன் ஊருக்குப் பக்கத்திலுள்ள காம்ரிக். வலப்பக்கம் தூரத்தில் தெரியும் மேடு ஸிர்கெல்ஸ்டைன் என்கிறார்கள். 1813இல் நெப்போலியன் போர் டிரெஸ்டனை நெருக்கியபோது ஃப்ரீட்ரிக் எல்பே கரையில் கிரிப்பன் என்ற ஊரில் போய்த் தங்கினார். அந்த வட்டாரத்துப் பாறைகளைப் பென்சிலில் நிறைய வரைந்துவைத்தார். அந்தக் குறிப்புகள்தான் சில வருஷம் கழித்து இப்படி உதவின.

அவருடைய ஸ்டூடியோ எப்படி இருந்தது என்பதற்கும் சாட்சி உண்டு. நண்பர் கேயோர்க் கெர்ஸ்டிங் 1811, 1812 வாக்கில் அதை வரைந்திருக்கிறார். கிட்டத்தட்டக் காலி அறை. சுவரில் டி-ஸ்கொயர் என்ற T வடிவ அளவுகோல், மூலைமட்டம், ஒன்றிரண்டு பேலட். ஜன்னலின் கீழ்ப்பகுதியை அடைத்து, மேலிருந்து மட்டும் வெளிச்சம் விழும்படி வைத்திருக்கிறார். அவரோடு பழகிய மருத்துவரும் ஓவியருமான காருஸ், ஃப்ரீட்ரிக்கின் வேலை முறையை எழுதிவைத்திருக்கிறார்: தனியாக வண்ண மாதிரிகள் எதுவும் போடுவதில்லை, மனதில் படம் முழுதாக வந்ததும் நேரே கேன்வாஸில் சாக்பீஸாலும் பென்சிலாலும் மெல்லிசாகக் கோடு, பிறகு நாணல் பேனாவும் மையும் கொண்டு துல்லியமாக மறுபடி கோடு, அதன் பிறகே வண்ணம். அந்த வண்ணமும் அப்பிய வண்ணம் அல்ல. வெளிர் பூச்சின் மேல் மெல்லிய அடுக்குகளாகக் கட்டியது. கோடு தனி வேலை, டோன் தனி வேலை, வண்ணம் தனி வேலை. மன்றோ வீட்டில் இரண்டு பேர் பங்குபோட்டுச் செய்ததை இவர் ஒருவரே நாள்வேறாகச் செய்திருக்கிறார்.

நீங்களும் அப்படியே பிரித்துக்கொள்ளுங்கள்.

அளவில் ஆரம்பியுங்கள். மூலப்படத்தின் விகிதத்தில் சரியாக வரும் சின்ன அளவு 38 × 30 சென்டிமீட்டர். ஏ4 தாளில் வரைந்தால் படம் மேலும் கீழும் இழுபட்டு, அந்த மனிதர் ஒல்லியாகிவிடுவார். கடையில் கிடைக்கும் 15 × 12 அங்குல கேன்வாஸும் பரவாயில்லை, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. சின்னச் சின்னக் கட்டம் போட்டு வரைவதை இந்தப் படத்துக்கு நான் சொல்ல மாட்டேன். கட்டம் போட்டால் ஒவ்வொரு கட்டமும் ஒரு குட்டிப் படமாகி, மொத்தம் கண்ணிலிருந்து போய்விடும். செங்குத்தாக ஒரு நடுக்கோடு, குறுக்காக ஒரு நடுக்கோடு, இரண்டு மூலைவிட்டம், இவ்வளவு போதும். நடுக்கோட்டைப் போட்டதுமே தெரியும், மனிதர் ஏறக்குறைய அதன்மேல்தான் நிற்கிறார். இருபுறமும் தூரத்து மலைச்சரிவுகள் இறங்கிவந்து அவருடைய மார்பு உயரத்தில் சந்திக்கின்றன. டி-ஸ்கொயரைச் சுவரில் மாட்டிவைத்திருந்த ஆள் தற்செயலாக இப்படி வைத்திருக்க மாட்டார். வீடியோ பார்த்து வரைகிறவர்கள் பெரும்பாலும் மலைகளை 'ஏறக்குறைய இப்படி' என்று போட்டுவிடுவதால், மனிதர் காட்சியின் மையமாக இல்லாமல் ஒட்டவைத்த பொம்மையாக நிற்கிறார்.

அடுத்தது டோன். இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். மூலப்படத்தின் தரமான பிரதி ஒன்றை எடுங்கள். அருங்காட்சியகத்தின் இணையப் பிரதி இருந்தால் நல்லது, ஏனென்றால் வெளியே சுற்றும் பிரதிகளில் நீலம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும். அதை போனிலேயே கறுப்பு வெள்ளையாக்குங்கள். பிறகு ஒரு தாள் துண்டில் கறுப்பிலிருந்து வெள்ளைவரை ஒன்பது படிகள் கலந்து காயவிட்டு, கறுப்பை 1 என்றும் வெள்ளையை 9 என்றும் எண் போட்டு, படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனிதரின் கோட்டும் காலடிப் பாறையும் 1, 2இல் நிற்கும். பனிக்குள்ளிருந்து எழும் நடுப்பாறைகள் என் கண்ணுக்கு 4, 5. தூரத்து மலைகள் 6, 7. பனியும் வானமும் 7க்கும் 8க்கும் இடையிலேயே முடிந்துவிடும். சுத்த வெள்ளை என்று ஒன்று அநேகமாக இல்லவே இல்லை.

உங்கள் பனியைக் கண்ணால் பார்க்காமலே சொல்கிறேன்: டியூபிலிருந்து எடுத்த வெள்ளையை நேரே வைத்திருப்பீர்கள். பனி வெள்ளை என்று நமக்குத் தெரியும், அதனால் கை வெள்ளையைத்தான் தேடும். 9ஐப் பனிக்குக் கொடுத்துவிட்டால் வானத்துக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

இரண்டாவது காரணம் விளிம்பு. படத்தின் நடுவில் உள்ள ஏதாவது ஒரு பாறையைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சியில் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கும். மரங்கள்கூட ஊசிமுனையில் நிற்கும். அதே பாறையைக் கண்ணால் கீழே தொடர்ந்தால், எங்கே பாறை முடிந்தது, எங்கே பனி ஆரம்பித்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அதற்கும் கீழே அடுத்த பாறையின் கூர்மையான உச்சி. அவ்வளவுதான் ரகசியம். மேல் விளிம்பு கூர்மை, கீழ் விளிம்பு கரைசல், மறுபடி கூர்மை. பனி என்று தனியாக எதையும் வரைய வேண்டியதே இல்லை. பாறைகளை மேலே கெட்டியாகவும் கீழே மங்கலாகவும் போட்டால், நடுவில் விட்ட இடம் தானாகப் பனியாகிவிடுகிறது. பனிக்குச் சுருள் சுருளாக வடிவம் கொடுத்து, ஓரத்தில் நிழல் போட்டு உருட்டினால் அது பஞ்சுதான்.

இதை முதலில் ஒரே நிறத்தில் செய்யுங்கள். பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் வெள்ளையும் மட்டும். முழுப்படம் வேண்டாம், உள்ளங்கை அளவுக்கு ஒரு பாறை, அதன் அடியில் பனி, அதன் கீழே இன்னொரு பாறையின் தலை. இந்தத் துண்டு சரியாக வரும்வரை அந்த மனிதரைத் தொடாதீர்கள். முழுப்படத்தையும் முடித்து பிரேம் போட்டு மாட்டுவதைவிட இந்தத் துண்டை ஐந்தாறு முறை வரைந்தால் அதிகம் கற்றுக்கொள்வீர்கள் என்பது என் கட்சி. இதை ஒப்புக்கொள்ளாத ஆசிரியர்களும் உண்டு. மாணவருக்கு ஒரு படத்தை முடித்த திருப்தி வேண்டும் என்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் ஏற்கனவே இரண்டு முழுப்படம் முடித்தவர்.

இப்போது வண்ணம். மெல்லிய வெளிர் வண்ணத்தைக் கறுத்த பரப்பின் மேல் தேய்த்தால் அது நீலமாகத் தெரியும். ஊதுபத்திப் புகை இருட்டான கதவுக்கு முன்னால் நீலமாகவும், வெளிச்சமான ஜன்னலுக்கு முன்னால் பழுப்பாகவும் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் ஒன்றேதான்: நுண்ணிய துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. வெளிர் வண்ணத்தை இப்படி ஒளி ஊடுருவும்படி தேய்ப்பதை ஸ்கம்பிளிங் என்பார்கள். கறுத்த பாறையை முதலில் முழுதாக, பனிக்குள் மறையும் அடிப்பகுதி உட்பட, போட்டு நன்றாகக் காயவிடுங்கள். பிறகு விறைப்பான பிரஷ்ஷில் கொஞ்சூண்டு வெளிர் சாம்பல் எடுத்து, துணியில் முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு, பாறையின் அடியிலிருந்து மேல்நோக்கி லேசாகத் தேயுங்கள். நீலம் கலக்காமலேயே அடிப்பகுதி நீலச்சாம்பலாகி மங்கும். காய்ந்ததும் இன்னொரு முறை. இந்த மாயத்தை ஒரு முறை சொந்தக் கையால் செய்து பார்த்தவர் பனிக்காக அல்ட்ராமரீன் நீலத்தைத் தேடி ஓட மாட்டார்.

டைட்டானியம் ஒயிட் விஷயத்தில் ஜாக்கிரதை. அது அந்தக் காலத்தில் கிடையாது. ஃப்ரீட்ரிக் காலத்து வெள்ளை என்றால் ஈய வெள்ளை. டைட்டானியத்துக்கு மறைக்கும் சக்தி மிக அதிகம், கொஞ்சம் கூடினாலும் அடியிலுள்ளதைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி மூடிவிடும். ஸ்கம்பிளிங்குக்கு ஸிங்க் ஒயிட் இதமாக இருக்கும். ஈய வெள்ளை விஷம், தேட வேண்டாம். நீலத்திலும் ஒரு சுவாரஸ்யம் உண்டு. ஃப்ரீட்ரிக் வானத்துக்கு ஸ்மால்ட் என்ற நிறமியைப் பயன்படுத்தினார். கோபால்ட் சேர்த்து உருக்கிய நீலக் கண்ணாடியை அரைத்தால் ஸ்மால்ட். டிரெஸ்டன் இருக்கும் சாக்ஸனியிலேயே அதன் சுரங்கங்களும் ஆலைகளும் இருந்தன. கண்ணாடித் துகள் என்பதால் அது எதையும் அழுத்தமாக மூடாது. வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பிவரும். நமக்கு அது தேவையில்லை. கோபால்ட் புளூவோ, அதன் விலை கையைக் கடித்தால் அல்ட்ராமரீனில் ஒரு துளி பர்ன்ட் அம்பர் கலந்ததோ போதும். தாலோ புளூவை மட்டும் வாங்காதீர்கள், படம் முழுவதையும் தின்றுவிடும்.

வானத்தை எப்போதும் தனி நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீட்ரிக் வானம் வரையும் நாளில் அவரிடம் யாரும் பேசக்கூடாது என்று அவர் மனைவி கரோலினே சொல்லிவைத்திருந்தாராம். மேலே குளிர்ந்த சாம்பல் நீலத்திலிருந்து அடிவானத்தின் லேசான ரோஸ், மஞ்சள்வரை இறங்கும் அந்த மாற்றத்தை நடுவில் நிறுத்தினால், நிறுத்திய இடத்தில் ஒரு கோடு நிற்கும். அக்ரிலிக்கில் அது இன்னும் சீக்கிரம் நிற்கும்.

மனிதரைக் கடைசியில் போடுங்கள். அவர் முதுகைக் காட்டி நிற்பது கற்கிறவருக்கு வரம். முகம் வரைய வேண்டாம். கோட்டைக் கறுப்பால் நிரப்பாதீர்கள், அது கரும்பச்சை. ஐவரி பிளாக்கில் யெல்லோ ஓக்கர் கலந்தாலே அந்தப் பச்சை வந்துவிடும். காற்றில் கலையும் செம்பட்டை முடிக்கு நாலைந்து தொடல் போதும், அதற்குமேல் போனால் விக்.

இந்தப் படத்தை விட்டு நகரும்போது அடுத்ததாக அவருடைய 'கடலோரத்துத் துறவி'யை எடுக்கச் சொல்வேன். 1808க்கும் 1810க்கும் இடையில் வரைந்தது, பெர்லினில் பழைய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. 110 × 171.5 சென்டிமீட்டர் கேன்வாஸில் கீழே ஒரு பட்டை மணல்மேடு, அதன்மேல் கறுத்த கடல், மிச்சமெல்லாம் வானம். துறவி ஒரு பொட்டு. அகச்சிவப்புக் கதிரால் ஆராய்ந்தபோது, முதலில் கடலில் கப்பல்களை வரைந்து பிறகு அவற்றை விட்டுவிட்டார் என்று தெரியவந்தது. 1810இல் பெர்லின் கண்காட்சியில் அதைப் பார்த்த எழுத்தாளர் கிளைஸ்ட், கண்ணிமைகளை வெட்டியெடுத்துவிட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று எழுதினார். தொடக்கக்காரருக்கு இது சுலபம்போலத் தெரியும். கோடு வரைய ஐந்து நிமிஷம்கூட ஆகாது. மாட்டிக்கொள்வது பிறகுதான். பிடித்துக்கொள்ள ஒரு பாறைகூட இல்லாமல் ஒரு பெரிய பரப்பை டோனால் மட்டுமே உயிரோடு வைத்திருக்க வேண்டும். பாதியில் கை துறுதுறுவென்று ஒரு படகையாவது போடலாமே என்று கேட்கும். முதலில் அந்தக் கப்பல்களைப் பென்சிலில் போட்டுவைத்து, பிறகு அழித்துப் பாருங்கள். ஒரு பொருளை எடுத்தால் படம் எவ்வளவு மாறுகிறது என்று வேறெந்தப் பயிற்சியிலும் இவ்வளவு பச்சையாகத் தெரியாது.

அதற்கப்புறம் காப்பி போதும். நீங்கள் போகிற வருகிற இடத்தில் பென்சிலில் பாறையோ மரமோ கட்டடமோ தனித்தனியாக வரைந்து, ஒவ்வொரு தாளிலும் உங்கள் கண்மட்டம் எங்கே இருந்தது என்று ஒரு கோடு போட்டுவையுங்கள். ஃப்ரீட்ரிக்கின் குறிப்புகளிலும் அடிவானத்தை இப்படிக் குறித்திருப்பார். வேறுவேறு நாளில் வரைந்த மூன்று தாளை ஒரு படத்தில் சேர்க்கும்போது, கண்மட்டம் தெரியாவிட்டால் ஒன்று மேலே மிதக்கும், இன்னொன்று கீழே சரியும்.

ஆயிலா அக்ரிலிக்கா என்பதற்கு வருகிறேன். பனிக்காக மாற வேண்டாம். ஸ்கம்பிளிங்குக்கு அடியிலுள்ள வண்ணம் காய்ந்திருக்க வேண்டும்; அக்ரிலிக் பத்து நிமிஷத்தில் காயும், ஆயிலில் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். வானத்துக்கு மட்டும் ஆயில் நிச்சயமாக மேல், ஈரம் நிற்பதால் நிதானமாகக் குழைக்கலாம். அக்ரிலிக்கிலேயே செய்வதென்றால் ரிடார்டர் என்று ஒரு திரவம் கடையில் கிடைக்கும், கொஞ்சம் கலந்துகொண்டால் காய்வது தாமதமாகும். அக்ரிலிக் காய்ந்தபின் ஒரு சாயல் கறுக்கும், டோன் பார்க்கும்போது அதைக் கணக்கில் வையுங்கள். பின்னால் ஆயிலுக்குப் போனால், முதல் அடுக்கை டர்பன்டைனில் கரைத்த பர்ன்ட் அம்பரால் மெல்லிசாகப் போடுங்கள். அம்பர் சீக்கிரம் காயும், ஐவரி பிளாக் லேசில் காயாது. டர்பன்டைன் வாடை போக ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். மேலடுக்குகளுக்குத்தான் லின்சீட் ஆயில். அடியில் எண்ணெய் அதிகமாகவும் மேலே குறைவாகவும் இருந்தால் பிற்பாடு வெடிக்கும். ஸ்டூடண்ட் தர டியூபே இதற்கெல்லாம் போதும். காசு மிச்சமிருந்தால் அரை அங்குலத்தில் விறைப்பான ஹாக் ஹேர் (பன்றிமயிர்) பிளாட் பிரஷ் ஒன்று நல்லதாக வாங்குங்கள், பனி முழுவதற்கும் அது ஒன்றுதான் வேலை செய்யப்போகிறது.